சேர்வராயன் மலைக் குறிப்புகள் – 11: தொப்பி, கோட்டு, காலணி ஒரு ஜோடி

புக்கன்வால்ட் வதைமுகாமின் கைதி அட்டையை ஏற்காட்டில் உட்கார்ந்தே வாசிக்க முடிகிறது. ஜெர்மனியின் பாட் ஆரோல்சன் என்ற சிற்றூரில் உள்ள ஆரோல்சன் ஆவணக் காப்பகம், நாஜி முகாம்களின் ஆவணங்களைப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. அவற்றிலுள்ள பெயர், பிறந்த தேதி, ஊர், கைதி எண் ஆகியவற்றைத் தட்டச்சு செய்து தரும் வேலையை 2020 முதல் உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களிடம் ஒப்படைத்து வருகிறது. ஒரே அட்டையை மூன்று பேர் தனித்தனியாகப் பதிவார்கள். ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவற்றை மறுபடியும் சரிபார்ப்பார்கள். வரலாற்றில் முதுகலை முடித்த எனக்கு ஆவணப் பயிற்சி கிடைத்தது இந்த வேலையில்தான். இதுவரை காப்பித் தோட்டங்களையும் இந்த மலையின் பழைய கல்லறைகளையும் பற்றி எழுதிவந்த நான், இந்த வாரம் இந்த அட்டைகளுக்கு வந்துவிட்டேன். வராமல் இருக்க முடியவில்லை.

அட்டை என்பது அச்சடித்த படிவம். உயரம், முகம், கண், மூக்கு, பல், முடி, பேசும் மொழி என்று ஆளை அங்கம் அங்கமாகப் பிரித்து எழுதக் கட்டங்கள். உடைமைகளுக்குத் தனி அட்டை உண்டு. முகாமுக்குள் நுழையும்போது பிடுங்கிக்கொண்டவை அதில் வரிசையாக இருக்கும்: தொப்பி, கோட்டு, கால்சட்டை, காலணி ஒரு ஜோடி, கைக்கடிகாரம், திருமண மோதிரம். மனிதனைக் கொல்லத் துணிந்தவர்கள் அவனுடைய தொப்பிக்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்த ஒழுங்கைப் பார்க்கும்போதுதான் வயிற்றைப் பிசைகிறது.

வாசிப்பதும் லேசில்லை. ஜெர்மன்காரர்கள் 1 என்ற எண்ணுக்கு இடப்பக்கம் நீளமாக ஒரு கொக்கி போடுவார்கள். நம் கண்ணுக்கு அது 7. அவர்களுடைய 7-க்கு நடுவில் குறுக்குக் கோடு இருக்கும். இது பிடிபடாமல் பதிந்தால் 1911-இல் பிறந்தவர் 1917-க்குப் போய்விடுவார். தேடிவரும் பேத்தியின் கையில் சிக்கமாட்டார். பெயர்கள் இன்னும் சிக்கல். போலந்துக்காரர் சொன்ன பெயரை ஜெர்மன் எழுத்தர் தன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஹங்கேரியிலும் ரஷ்யாவிலும் அதே பெயருக்கு வேறு வேறு எழுத்து. அதனால்தான் ஆரோல்சனில் பெயரட்டைகளை அடுக்கும்போது எழுத்தோடு ஒலியையும் பார்த்து அடுக்கினார்கள். அங்குள்ள ஆவணங்கள் சுமார் 1 கோடியே 75 லட்சம் பேரைப் பற்றியவை. 2007-இல்தான் ஆய்வாளர்களுக்குக் கதவு திறந்தது. 2013-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் இடம்பெற்றது.

இந்த முகாம் அட்டைகள் கொன்றவர்கள் எழுதிய கணக்கு. செத்தவர்களும் எழுதினார்கள். வார்சா கெட்டோவில் அடைபட்டிருந்த வரலாற்றாசிரியர் இமானுவேல் ரிங்கல்புளூம் ஒரு குழுவைச் சேர்த்துக்கொண்டு யித்திஷ், போலிஷ், ஹீப்ரூ, ஜெர்மன் மொழிகளில் கிடைத்ததையெல்லாம் திரட்டினார்: நாட்குறிப்பு, ரேஷன் அட்டை, பள்ளிக் கட்டுரை, சுவரொட்டி. தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் அடைத்துப் புதைத்தார்கள். 1946-இல் ஒரு பகுதியும் 1950-இல் இன்னொரு பகுதியும் தோண்டியெடுக்கப்பட்டன. மூன்றாவது பகுதி கிடைக்கவேயில்லை. ரிங்கல்புளூம் 1944-இல் கொல்லப்பட்டார்.

இதைப் படிக்கிறபோதெல்லாம் என் கண் மலைக்குக் கீழே போகிறது. ஏற்காட்டின் லேடீஸ் சீட் முனையில் நின்றால் தெரிவது சேலம். திருச்சி, தஞ்சாவூர், ஆற்காடு மாவட்டங்களைப் போலவே சேலம் மாவட்டமும் மலாயா ரப்பர் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் திரட்டிய சீமை. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போனவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தான் 1942-43-இல், மலாயாவைப் பிடித்திருந்த ஜப்பானியரிடம் மாட்டினார்கள். தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போடத் தோட்டந்தோட்டமாக ஆட்களை வாரிக்கொண்டு போனார்கள். காலராவும் பட்டினியும் அடியும் பல்லாயிரம் பேரைத் தின்றன.

அந்தப் பாதையில் 12,000-க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் இறந்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேருக்கு இடமிருக்கிறது; பெரும்பாலான கல்லில் பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி. தமிழரும் மலாய்க்காரரும் பர்மியரும் ஜாவாக்காரருமாக இறந்த ஆசியத் தொழிலாளர்கள் 90,000 பேர் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. அவர்களுக்கு அப்படிப்பட்ட பெயர்ப் பட்டியல் இல்லை. தோட்டத்துச் செக்ரோலில், அதாவது கூலிப் பதிவேட்டில், ஆங்கிலத்தில் கிறுக்கப்பட்ட முனியாண்டியும் மாரியம்மாளும் காட்டுக்குள் போன பிறகு யாருடைய ஏட்டிலும் ஏறவில்லை. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்று நாவல் எழுதினார். நாவலில் வாழ்க்கை இருக்கிறது. ஆனால் தாத்தா எந்த முகாமில், எந்த மாதம் செத்தார் என்று கேட்கிற பேரனுக்கு நாவல் பதில் சொல்லாது.

எந்தக் கொடுமை பெரிது என்று நான் கேட்கவில்லை. ஐரோப்பாவில் போருக்குப் பிறகு தேடினார்கள், சேர்த்தார்கள், சண்டை போட்டுக் கதவைத் திறக்கவைத்தார்கள். நாம் தேடவே ஆரம்பிக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

சேலம், நாமக்கல், தருமபுரிப் பக்கம் மலாயாவுக்கு ஆள் போன வீடுகள் இன்னும் இருக்கின்றன. டிரங்குப் பெட்டியில் பழைய கடிதம், மணியார்டர் ரசீது, ஸ்டுடியோ போட்டோ ஏதாவது கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். இரண்டு பக்கத்தையும் போனில் படமெடுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து, போனவரின் பெயர், அப்பா பெயர், ஊர், எஸ்டேட், கடைசிக் கடிதம் வந்த வருஷம் ஐந்தையும் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். எஸ்டேட் பெயரை அவர்கள் உச்சரிக்கிறபடியே எழுதினால் போதும், திருத்த வேண்டாம்.