வேண்டாம் என்றவர்கள் பட்டியல்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மனை பார்க்கப் போனவர்களுக்கு இந்தக் கதை தெரியும். திருப்போரூர் பக்கமோ மாமல்லபுரம் பக்கமோ, கொடி நட்ட காலி நிலத்தில் பந்தல் போட்டு, மோர் கொடுத்து, நோட்டில் பெயரையும் செல் நம்பரையும் எழுதி வாங்கிக்கொள்வார்கள். மனை வாங்காமல் திரும்பிவிடலாம். கொடுத்த நம்பரைத் திரும்ப வாங்க முடியாது. 'சார், செங்கல்பட்டு பக்கத்துல அப்ரூவ்டு பிளாட்' என்று அழைப்பு வந்தபடி இருக்கும். 'என் நம்பரை எடுத்துடுங்க' என்றால், எடுத்துவிட்டோம் என்பார்கள். அடுத்த மாதம் மறுபடி மணி அடிக்கும்.

அவர்கள் பொய் சொன்னதாக நினைக்க வேண்டியதில்லை. பல சமயம் உண்மையிலேயே அழித்திருப்பார்கள். கோளாறே அதுதான். நோட்டில் இருந்தது எக்செலுக்குப் போகிறது, எக்செல் விளம்பர மென்பொருளுக்குள் ஏறுகிறது. உங்கள் வரியை அழித்தபின், யாரோ ஒரு ஊழியர் பழைய எக்செலை மறுபடி ஏற்றுகிறார். மென்பொருளுக்கு நீங்கள் புது ஆள். வேண்டாம் என்று நீங்கள் சொன்னதும் அழிந்த வரியோடு போய்விட்டதே!

ஆகவே ஒழுங்கான கருவி உங்களை அழிப்பதில்லை. தனிப் பட்டியலுக்கு மாற்றிப் பூட்டி வைக்கிறது. தொழிலில் இதைச் சப்ரெஷன் லிஸ்ட் என்பார்கள். ஒவ்வொரு முறை செய்தி கிளம்பும்போதும் அனுப்பும் பட்டியலை இதோடு ஒப்பிட்டு, பொருந்துகிறவர்களைக் கழித்துவிடும். இவ்வகை மென்பொருள் உருவாகும் இடம் ஒன்று இதே செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஜி.எஸ்.டி. சாலையில் கூடுவாஞ்சேரியைத் தாண்டினால் வரும் ஜோஹோ வளாகம். மின்னஞ்சல் பிரசாரத்துக்கான ஜோஹோ கேம்பெயின்ஸ் அந்த நிறுவனத்தின் தயாரிப்பு. இத்தகைய கருவிக்கு உதவிக் குறிப்பு எழுதுகிறவர் மெனக்கெட வேண்டிய இடம், 'அழி' பொத்தானுக்கும் 'இனி அனுப்பாதே' பொத்தானுக்கும் உள்ள வேறுபாடு. அதைப் படிக்காத கடைக்காரர் முதல் பொத்தானைத்தான் அழுத்துவார்.

ஒப்பிடுவதும் லேசான வேலை இல்லை. பெயரை நம்ப முடியாது. ஊரை நம்பினால் மகாபலிபுரமும் மாமல்லபுரமும் இரண்டாகிவிடும். நம்பர்தான் கதி. அதையும் ஒருவர் 0 சேர்த்து எழுதுவார், ஒருவர் +91 போடுவார், இன்னொருவர் நடுவில் இடைவெளி விடுவார். எல்லாவற்றையும் கழித்துப் பத்து இலக்கத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பீடு.

அப்படியானால் வேண்டாம் என்றவரின் நம்பரையே காலமெல்லாம் வைத்திருக்க வேண்டுமா? இங்கேதான் கணிதம் உதவிக்கு வருகிறது. நம்பரை ஹாஷ் சார்பு ஒன்றில் போட்டு, வெளிவரும் எழுத்துக் கோவையை மட்டும் சேமிக்கலாம். எஸ்.ஹெச்.ஏ.-256 என்ற ஹாஷ் சார்பு எதைக் கொடுத்தாலும் 256 பிட் தரும். ஓர் இலக்கம் மாறினால் முழுக்க வேறாகும். அரைத்த மாவிலிருந்து அரிசியை எடுக்க முடியாததுபோல, கோவையிலிருந்து நம்பருக்குப் பின்னோக்கிப் போக வழியில்லை. ஆனால் ஒரு ஓட்டை உண்டு. இந்திய செல் நம்பர் 6, 7, 8, 9 என்ற இலக்கங்களில் ஒன்றில் தொடங்கும் பத்து இலக்கம். மொத்தமே 400 கோடி சாத்தியங்கள். அத்தனை அரிசியையும் ஒவ்வொன்றாக அரைத்துப் பார்த்து, எது இந்த மாவு என்று கண்டுபிடித்துவிடலாம். நல்ல கிராபிக்ஸ் சில்லு உள்ள கணினிக்குச் சில நொடி வேலை. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் நம்பரோடு ஒரு ரகசியச் சாவியையும் சேர்த்து அரைக்கிறார்கள். 'ஹாஷ் செய்துவிட்டோம், பாதுகாப்பாக இருக்கிறது' என்று மட்டும் சொல்லும் நிறுவனத்தைக் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

நாடு முழுவதற்குமான இப்படிப்பட்ட 'வேண்டாம்' பட்டியல்தான் டி.என்.டி. (Do Not Disturb). தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதை 2007இல் தொடங்கிவைத்தது. 1909க்கு START 0 என்று குறுஞ்செய்தி அனுப்பினால் விளம்பரம் மொத்தமும் தடை. வகை வகையாகவும் தேர்ந்தெடுக்கலாம். பந்தலில் நம்பர் கொடுத்தவர்களைத் துரத்தும் மனை விற்பனை 2ஆம் வகை, சுற்றுலா 7ஆம் வகை. 2018 விதிமுறைகளுக்குப் பின், தொலைபேசி நிறுவனங்கள் பிளாக்செயின் அடிப்படையிலான பதிவேட்டை வைத்துக்கொண்டு, செய்தி கிளம்புமுன் அனுப்புபவரின் பட்டியலை அதோடு சலிக்கின்றன. இப்போது குறுஞ்செய்தி அனுப்புநர் பெயரின் கடைசியில் -P இருந்தால் விளம்பரம், -S சேவை, -T பரிவர்த்தனை, -G அரசு. மின்னஞ்சலில் கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரியில் கண்டிப்பு காட்டின. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000க்கு மேல் அனுப்புகிறவர், ஒரே சொடுக்கில் விலகும் வசதி தர வேண்டும், இரண்டு நாளுக்குள் விலக்கவும் வேண்டும்.

இத்தனை சல்லடை இருந்தும் பந்தல்காரரின் அழைப்பு ஏன் வருகிறது? அவர் சல்லடைப் பக்கமே வருவதில்லை. சொந்த சிம்மில், பத்து இலக்க நம்பரிலிருந்து தானே அழைக்கிறார். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டிராயின் இந்த விதிமுறைகளுக்குள் அது வருவதே இல்லை. பதிவு செய்யாமல் விளம்பர அழைப்பு விடுப்பவரின் இணைப்பைத் துண்டித்து, இரண்டு ஆண்டு வரை கறுப்புப் பட்டியலில் வைக்கும்படி 2024 ஆகஸ்டில் டிராய் உத்தரவிட்டது. 2025 திருத்தத்தின்படி, அழைப்பு வந்த ஏழு நாளுக்குள் 1909லோ டிராயின் டி.என்.டி. செயலியிலோ புகார் செய்யலாம். அழைத்த நம்பரையும் தேதியையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் உங்கள் நம்பரை நோட்டில் எழுதி வைத்திருக்கிறார் அல்லவா?