பட்டமும் சான்றிதழும் உரிமமும்: நடத்தைப் பகுப்பாய்வாளரின் ஆயத்தம்

ஆட்டிசமுள்ள பிள்ளையின் பெற்றோர் ஆலோசனை நாடி வரும்போது, 'பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வு' என்னும் பெயரைத் திருப்பணியாளர் கேட்க நேரிடுகிறது. ஒரு செயலுக்கு முன் நிகழ்வது யாது, பின் விளைவது யாது என்று உற்றுநோக்கி அளந்து, விளைவை மாற்றுவதனால் செயலை மாற்ற முயலும் முறை இது. 1968இல் அமெரிக்காவில் இதற்கெனத் தனி ஆய்விதழ் தோன்றிற்று. பிறர் நடத்தையை மாற்றும் ஆற்றலை யாரிடம் ஒப்புவிப்பது என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் வினா.

இது ஏட்டளவில் எழுந்த வினாவன்று. மையாமியிலிருந்த சன்லாண்ட் என்னும் புளோரிடா மாநில அரசு இல்லத்தில், அறிவு வளர்ச்சி குன்றியோர் நடத்தைச் சீர்திருத்தம் என்ற பெயரால் அடிக்கப்பட்டனர், நெடுநேரம் கட்டிவைக்கப்பட்டனர். 1972இல் இக்கொடுமைகள் வெளிப்பட்டன. திட்டத்தை வகுத்தவர் முனைவர் பட்டம் பெற்றவர் என்பதை நாம் கவனிக்க வேண்டும். செயற்படுத்தியவர்களோ போதிய பயிற்சியற்ற ஊழியர்கள். இதன்பின் அம்மாநிலம் விதிமுறைகளையும் மறுஆய்வுக் குழுக்களையும், 1980களில் தேர்வுடன் கூடிய சான்றளிப்பையும் ஏற்படுத்திற்று. 1998இல் நிறுவப்பட்ட நடத்தைப் பகுப்பாய்வாளர் சான்றளிப்பு வாரியம் அவ்வடித்தளத்தின்மேல் எழுந்ததாகும்.

2022 முதலான வாரிய விதிப்படி, முதுகலைப் பட்டமும் குறித்த பாடங்களும் மட்டும் போதா. மேற்பார்வையின்கீழ் 2000 மணிநேரக் களப்பயிற்சி வேண்டும். நெருக்கமான மேற்பார்வையாயின் 1500. இதில் 60 விழுக்காடாவது பிள்ளையோடு நேரே பயிற்சி நடத்துவதற்குப் புறம்பான பணிகளில் கழிய வேண்டும்: மதிப்பிடுதல், திட்டம் வகுத்தல், பதிவுகளை ஆராய்தல், பிறரைப் பயிற்றுவித்தல் முதலியன. பின்னரே 185 வினாக்கள் கொண்ட தேர்வு.

சான்றிதழ் வேறு, உரிமம் வேறு. முன்னது தனியார் வாரியம் தருவது; பின்னது மாநிலச் சட்டத்தால் வருவது. பி.டி. பட்டமும் குருப்பட்டமும் ஒன்றல்ல என்றறிந்த நமக்கு இவ்வேறுபாடு விளங்காமற் போகாது. உரிமச் சட்டமுள்ள மாநிலத்தில், சட்டம் விலக்களித்தோர் தவிர, உரிமமின்றித் தொழில் செய்வது குற்றம். 2009இல் நெவாடா, ஓக்லஹோமா மாநிலங்கள் இத்தகைய சட்டம் இயற்றின. இன்று பெரும்பாலான மாநிலங்களில் அது உண்டு.

ஆயினும் நமக்கு ஓர் ஐயம் எஞ்சி நிற்கிறது. நாள்தோறும் பிள்ளையோடு அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் இப்பகுப்பாய்வாளர் அல்லர். பள்ளியிறுதிக் கல்வியும் 40 மணிநேரப் பயிற்சியும் பெற்ற பதிவுபெற்ற உதவியாளரே. அவர் பணிசெய்யும் நேரத்தில் 5 விழுக்காடாவது மாதந்தோறும் மேற்பார்வையிடப்பட வேண்டும் என்பது விதி. இஃது எமக்கு மிகக் குறைவாகவே தோன்றுகிறது. சிறுவயதில் இப்பயிற்சிக்கு உட்பட்ட ஆட்டிசமுடையோர் சிலர், தங்கள் இயல்பை மறைக்கவே கற்பிக்கப்பட்டோம் என்று வளர்ந்தபின் முறையிடுகின்றனர். அம்முறையீட்டைப் பயிற்சியளிப்போர் பாடமாகவே ஏற்பது நலம்.

2023 தொடக்கமுதல் அவ்வாரியம் அமெரிக்கா, கனடா முதலிய சில நாடுகளில் வாழ்வோர்க்கே புதிதாகச் சான்றளிக்கிறது. இந்தியா அவற்றில் இல்லை. எனவே இங்கு ஒருவர் அச்சான்றிதழைக் காட்டினால், அவர் எந்நாட்டில் எப்பொழுது பெற்றார், இன்றும் அது செல்லுபடியாகிறதா என்று வாரியத்தின் பொதுப்பதிவேட்டில் பார்க்குமாறு பெற்றோரிடம் சொல்லலாம்.