சுவருக்கும் வில்லங்கம் பாருங்கள்

பழைய வீடு வாங்கப் போகிறவர்கள் முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறார்கள். மூலப்பத்திரம், பட்டா, வக்கீல் ஒப்பீனியன் என்று எதையும் விடுவதில்லை. அந்த வீட்டின் பீமுக்குள் கம்பி எந்த நிலையில் இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. எனக்கோ பழைய வீட்டுக்குள் நுழைந்ததும் புதுப் பெயின்ட் வாசனை வந்தாலே சந்தேகம் வந்துவிடும்.

உறவினருக்காகத் திருவான்மியூரில் ஒரு ஃபிளாட் பார்க்கப் போனேன். கட்டி முப்பத்தைந்து வருடம். ஹால் பளபளவென்று இருந்தது. பாத்ரூமை ஒட்டிய சீலிங்கை ஒட்டடைக் கம்பின் அடிப்பக்கத்தால் தட்டினேன். ஓரிடத்தில் 'டங்' என்றது. அரையடி தள்ளினால் 'தொப்' என்றது. "சும்மா பூச்சு விட்டிருக்கு சார்" என்றார் வீட்டுக்காரர். இருக்கலாம். கொத்திப் பார்க்கட்டுமா என்றேன். விடவில்லை. கடல் காற்றின் உப்பும் கசியும் தண்ணீரும் சேர்ந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். மேலே பட்டி பார்த்து வர்ணம் பூசினால் கண்ணுக்கு மறையுமே தவிர, துரு நிற்காது.

எல்லா விரிசலுக்கும் பயப்பட வேண்டாம். பூச்சில் மயிரிழையாக ஓடுவதை விட்டுவிடலாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறுவது, தூணில் கம்பியின் போக்கிலேயே இறங்குவது, சுவரின் இரு பக்கமும் தெரிவது, இவற்றை விடக்கூடாது. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி வைப்பது எஞ்சினியர்களின் பழைய வழக்கம். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் அசைகிறது. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட பிளாக் இடிந்தபோது உயிர்ச்சேதம் இல்லை. விரிசலைப் பார்த்ததும் மக்கள் வெளியேறிவிட்டார்கள்.

வங்கி எஞ்சினியர் பார்த்துவிட்டாரே என்று நிம்மதி அடையாதீர்கள். அவர் பார்ப்பது கடனுக்கு ஈடாகுமா என்பதை. உங்களுக்காகப் பார்க்க ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் ஒருவரை நீங்களே கூட்டிப் போங்கள். சுத்தியல் சோதனை, அல்ட்ராசோனிக் சோதனை எல்லாம் கட்டடத்தை உடைக்காமலே செய்யலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 55-ன்படி, தனக்குத் தெரிந்த முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். மறைத்தால் அது மோசடி. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலே உங்களுக்குத் தெரிந்திருக்கும் குறை என்றால் இந்தப் பிரிவு கைகொடுக்காது. விற்பவருக்குத் தெரியும் என்பதையும் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். ஃபிளாட் என்றால் அசோசியேஷன் மினிட்ஸ் புத்தகத்தைக் கேளுங்கள்; கசிவு, தூண் ரிப்பேர் என்று பழைய சண்டையெல்லாம் அதில் இருக்கும். ரியல் எஸ்டேட் துறைக்கான ரெரா சட்டத்தில் கட்டமைப்புக் குறைக்கு 5 ஆண்டுப் பொறுப்பு உண்டே என்பார்கள். அது பில்டருக்கு, சாவி கொடுத்த நாளிலிருந்து. முப்பது வருடப் பழைய வீட்டை விற்கும் தனி ஆளை அது தொடாது. வங்கி ஏலத்தில் எடுத்தால் 'உள்ளது உள்ளபடி' என்று எழுதியே விற்கிறார்கள்; அங்கே பிறகு போய்ப் புலம்ப இடமில்லை.

தமிழ்நாட்டில் பத்திரம் பதிய முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என 9 சதவீதம் போகிறது. வீடு ஆட்டம் கண்டால் அது திரும்பி வராது. ஆகவே, 'எஞ்சினியர் அறிக்கையில் கட்டமைப்புக் குறை இருந்தால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்' என்ற ஒரு வரியை அக்ரிமெண்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்பவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.