இன்டர்வியூ தேதியைத் தையல் சீட்டில் எழுதி வாங்குங்கள்

விடிகாலை பஸ்ஸில் சென்னைக்கு இன்டர்வியூவுக்குப் போகிற பெண், திருவண்ணாமலை பஸ் நிலையத்துத் தூண் மறைவில் நின்று ஜாக்கெட்டின் கைக்குக் கீழே ஊக்கு குத்திக்கொண்டிருந்தாள். முதல் நாள் இரவு ஒன்பது மணிக்குத்தான் டைலர் கொடுத்திருக்கிறார். போட்டுப் பார்த்தால் கை ஏறவில்லை. ஒரு பக்கத் தையலை இரவோடு இரவாக அவள் அம்மா பிரித்திருக்கிறார். உள்ளே விட்ட துணி கால் இன்ச்கூட இல்லை. "சீட்டு வைத்திருக்கிறாயா?" என்று கேட்டேன். "எங்க ஊர் டைலர்தானே அக்கா, சீட்டெல்லாம் எதுக்கு?" என்றாள்.

அடி அண்ணாமலையிலும் கிரிவலப் பாதையை ஒட்டிய ஊர்களிலும் மனு எழுதிக் கொடுக்கிற எனக்கு, இது வருடத்துக்கு நாலைந்து முறை வருகிற கதை. பட்டப்படிப்பு முடித்த பெண்கள், வீட்டிலேயே முதன்முதலாக இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள். மாதா மாதம் வந்த புதுமைப் பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாயில் மிச்சம் பிடித்து உடை வாங்குகிறார்கள். அந்தப் பணம் வீணாகும்போது எனக்கு வயிறு எரிகிறது. கடைக்காரர்மீது பாதிக் கோபம் என்றால், சீட்டு வாங்காமல் திரும்புகிறவர்கள்மீது மீதிக் கோபம்.

முதலில் செலவு. இன்டர்வியூ என்றதும் கோட், பேன்ட் என்று ஓடாதீர்கள். தமிழக அரசு தன் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு 2019இல் போட்ட உடை விதியே பெண்களுக்குப் புடவை, சல்வார் கமீஸ், துப்பட்டாவோடு சுடிதார் என்றுதான் சொல்கிறது. அரசு வேலைக்கு ஏற்ற உடை இன்டர்வியூவுக்கும் ஏற்ற உடைதான். நிறுவனம் தனியாக ஏதாவது கேட்டிருந்தால் அழைப்புக் கடிதத்தில் இருக்கும், படித்துப் பாருங்கள். ஒற்றை நிறத்தில், கசங்காத கலப்புப் பருத்தியில், முழங்கைவரை கை வைத்த ஒரு சுடிதார் இருந்தால் பத்து இன்டர்வியூவுக்குப் போகலாம். அக்காவின் நல்ல புடவை இருந்தால், உங்கள் அளவுக்கு ஜாக்கெட் மட்டும் தைத்தால் போதும். கோ-ஆப்டெக்ஸில் தள்ளுபடி நாட்களைப் பார்த்து வாங்கலாம். ரெடிமேட் உடைக்கு 2500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் இதுதான் கணக்கு. பில்லில் வரி சரியாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

தைக்க ஆள் தேடுகிறவர்களுக்கு ஒரு யோசனை. அரசுப் பள்ளிச் சீருடைகளை மகளிர் தையல் கூட்டுறவு சங்கத்துப் பெண்கள் தைக்கிறார்கள். நூற்றுக்கணக்கில் தைத்துப் பழகிய கை. உங்கள் ஊர்ப்பக்கம் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள்.

அடுத்து அளவு. எம், எல் என்ற எழுத்தை நம்பி வாங்காதீர்கள். ஒரு கடை எல் இன்னொரு கடை எம் ஆகிறது. இந்திய உடம்புக்கென்று ஒரு அளவுப் பட்டியல் வேண்டும் என்று நிஃப்ட் நிறுவனம் கையில் எடுத்த கணக்கெடுப்புக்கு ஆறு நகரங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். சென்னை அதில் இல்லை. ஆகவே உங்கள் மார்பு, இடுப்பு, தோள், கைக்குழி அளவுகளை சென்டிமீட்டரில் எழுதிப் பையில் வையுங்கள். கூடவே பத்து ரூபாய் இன்ச் டேப் ஒன்று. ரெடிமேட் உடையில் அளவு எழுத்தோடு சென்டிமீட்டர் கணக்கும், அதிகபட்ச விலையும் இருக்க வேண்டும் என்பது எடையளவு விதி. லேபிளில் 102 என்று போட்டு, டேப் வைத்தால் 96 காட்டினால் அது "உங்களுக்குப் பொருந்தாத உடை" அல்ல, குறையுள்ள பொருள். இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள், கீழே வேண்டியிருக்கும்.

ஏனென்றால் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். சரியான அளவு போட்ட உடை உங்கள் உடம்புக்குப் பொருந்தவில்லை என்பதற்காகக் கடை அதைத் திரும்ப எடுத்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கடைக்காரர் "பொருந்தலேன்னா மாத்திக்கலாம்மா" என்றால், அந்த வாக்கியத்தை பில்லின் பின்புறம் எழுதிக் கையெழுத்து போடச் சொல்லுங்கள். வாயால் சொன்னது வாசல் தாண்டாது. குறையுள்ள பொருள் என்றால் கதை வேறு. பில்லில் போட்ட நாட்களுக்குள், நாள் எதுவும் போடாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி நேர்மையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அப்படியே. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற பலகை இந்தச் சட்டத்தை ரத்து செய்துவிடாது. அந்தப் பலகைகளின் கீழேயே அதிகாரிகள் துணி வாங்கிப் போகிறார்கள், கழற்றச் சொல்லத்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

"எஸ்டிமேட்" என்று தலைப்பு போட்ட துண்டுச் சீட்டு பில் ஆகாது. கடைப் பெயர், முகவரி, வரிசை எண், தேதி, பொருள் விவரம், கையெழுத்து இருந்தால்தான் பில்.

தையல் கடைக்கும் இதே கதைதான். காசு வாங்கிக்கொண்டு தைப்பது சேவை, அதில் குறை இருந்தால் அதுவும் இதே சட்டத்துக்குள் வரும். ஆனால் எதை வைத்து நிரூபிப்பீர்கள்? துணி கொடுக்கும்போதே சீட்டில் நான்கு விஷயம் எழுதி வாங்குங்கள்: கொடுத்த தேதி, தருவதாகச் சொன்ன தேதி, கட்டிய அட்வான்ஸ், "இன்டர்வியூ" என்ற சொல்லும் அதன் தேதியும். நான்காவதைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். எதற்காக, எந்த நாளுக்கு வேண்டும் என்று தெரிந்தே தாமதித்தார் என்று காட்ட அந்த ஒரு வரிதான் ஆதாரம். சீட்டையும், கொடுத்த துணியையும், அளவு ஜாக்கெட்டையும் ஒன்றாக வைத்து ஒரு போட்டோ எடுங்கள். இரண்டு பக்கமும் ஒரு இன்ச் உள்ளே துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள், பருத்தியாக இருந்தால் நனைத்துக் காயவைத்துக் கொடுங்கள்.

டெலிவரித் தேதியைக் குறிக்கும் முன் காலண்டரைப் பாருங்கள். பௌர்ணமியன்றும் அதற்கு முந்தின நாளும் நம் ஊருக்கு ஆகவே ஆகாது. கிரிவலப் பாதையில் வண்டி ஓடாது, பஸ்கள் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களில் நிற்கும், டவுனுக்குப் போய்த் துணி வாங்கி வருவதற்குள் நாள் போய்விடும். கார்த்திகை தீபத்தின் பத்து நாட்களும் தீபாவளிக்கு முந்தின மூன்று வாரமும் அதே கதை. இன்டர்வியூவுக்கு ஐந்து நாள் முன்னதாக உடை கைக்கு வர வேண்டும். வந்ததும் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, கையை மேலே தூக்கி, குனிந்து பாருங்கள். நின்று பார்ப்பது போதாது. ஐந்து நாள் என்பது திருத்தித் தைக்கத்தான். போன இன்டர்வியூவை எந்த நுகர்வோர் ஆணையமும் திருப்பித் தராது.

ஆன்லைனில் வாங்கினால் பார்சலைப் பிரிப்பதை முகவரிச் சீட்டு தெரிய வீடியோ எடுங்கள். மின்வணிக விதிகள் 2020இன்படி, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளை மட்டுமல்ல, சொன்ன தேதிக்குப் பிந்தி வந்த பொருளையும் விற்பவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. வெள்ளம், புயல் போன்றவை மட்டும் விலக்கு. அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். ஆர்டர் போடும் அன்றே டெலிவரித் தேதி தெரிகிற பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். அந்தத் தேதி பிறகு மாறிவிடும்.

டிரையல் ரூமில் ஏதாவது சந்தேகமாகத் தெரிந்தால் உடை மாற்றாமல் வெளியே வந்து பெண்கள் உதவி எண் 181க்குக் கூப்பிடுங்கள். ஒளித்துப் படம் எடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா 77ஆம் பிரிவில் குற்றம், முதல் முறைக்கே குறைந்தது ஓராண்டுச் சிறை. இன்டர்வியூவுக்கு முன்பே "யூனிஃபார்முக்குப் பணம் கட்டு" என்று போனில் கேட்கிறவர் வேலை தருபவர் அல்ல. கட்டிவிட்டிருந்தால் அந்த மணி நேரத்திலேயே சைபர் குற்ற உதவி எண் 1930க்குச் சொல்லுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று படுத்துத் தூங்காதீர்கள்.

இனி புகார். முதல் படி 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். பேசி முடித்ததும் புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பல கடைகள் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வரும். வராவிட்டால் ஒரு தாளில் என்ன வாங்கினீர்கள், என்ன குறை, எவ்வளவு தொகை வேண்டும் என்று எழுதி, 15 நாள் கெடு கொடுத்து, கடைக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். லேபிளில் அளவே இல்லை என்பது போன்ற புகாருக்குத் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவு. வேங்கிக்கால் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுத்தாலும் சரி, மனு எண் வாங்காமல் வெளியே வராதீர்கள். எண் இல்லாத மனு மேசை மேசையாக நகர்ந்து காணாமல் போவதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. இ-ஜாக்ருதி இணையதளத்திலும் பதியலாம். பில் அல்லது சீட்டு, அளவு தெரியும் போட்டோ, அனுப்பிய நோட்டீஸ், அஞ்சல் ரசீது, இன்டர்வியூ அழைப்புக் கடிதம், முகவரிச் சான்று ஆகியவற்றின் நகல்கள் வேண்டும். உடையைத் துவைக்காமல், பிரிக்காமல் வையுங்கள், அதுதான் முதல் சாட்சி. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போன பிறகு மூன்று மாதத்தில் தீர்க்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் நீளும், அதற்காக வாய்தாவுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். எழுதத் தெரியவில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை 15100 எண்ணில் கேளுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு.

குறை நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். போன தீபாவளிக்குக் கெட்டுப்போன ஜாக்கெட்டின் சீட்டு உங்கள் பீரோவில் கிடந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. எடுத்துக்கொண்டு வாருங்கள், மனுவை நான் எழுதித் தருகிறேன்.