நெடும்பயண மோட்டார் சைக்கிளுக்கான மாற்று இருக்கை

நெடும்பயண மோட்டார் சைக்கிளுக்கான மாற்று இருக்கை என்பது, ஆலையிலிருந்து வண்டியுடன் வரும் இருக்கைக்குப் பதிலாகப் பின்னர் பொருத்தப்படும் வேறொரு இருக்கை ஆகும். பழைய இருக்கையையே பிரித்து, உள்ளே இருக்கும் ஃபோமையும் மேலுறையையும் மாற்றிக்கொள்வதும் இதில் அடங்கும். பேச்சுவழக்கில் இது 'டூரிங் சீட்' எனப்படுகிறது. நகருக்குள் அரை மணி நேரம் ஓட்டும்போது குறை தெரியாத இருக்கை, மூன்று மணி நேரப் பயணத்தில் தாங்க முடியாத வலியைத் தரக்கூடும். வலியால் கவனம் சிதறுவது மலைச் சாலையில் ஆபத்தானது. ஆகவே இருக்கைத் தேர்வு சொகுசோடு பாதுகாப்பையும் சார்ந்த செய்தியாகும்.

கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும்

கள்ளக்குறிச்சி மாவட்டம் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2019 நவம்பர் 26 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலை இம்மாவட்டத்தின் மேற்கில் அமைந்துள்ளது. கல்வராயன்மலை வட்டத்தின் தலைமையிடம் வெள்ளிமலை. மேகம் அருவி, பெரியார் அருவி ஆகியவற்றைக் காணவும், மலைப்பாதையில் வண்டி ஓட்டும் விருப்பத்தாலும் இளைஞர்கள் பலர் மோட்டார் சைக்கிளில் இங்கு வருகின்றனர். மலைக் கிராமங்களில் வாழ்வோருக்கும், அங்கு பணிக்குச் சென்று வருவோருக்கும் இருசக்கர வண்டி அன்றாடத் தேவையாகும்.

இருக்கையைப் பற்றிப் புரிந்துகொள்ள இப்பகுதி நல்ல எடுத்துக்காட்டு. ஏனெனில் ஒரே நாளில் இருவகைச் சாலைகளைச் சந்திக்க நேர்கிறது. சென்னையிலிருந்து வருபவர் உளுந்தூர்ப்பேட்டையில் திரும்பி, சேலம் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் தியாகதுருகம் வழியாகக் கள்ளக்குறிச்சியை அடைகிறார். 200 கி.மீ.க்கு மேற்பட்ட இந்தத் தொலைவில் உடல் பெரும்பாலும் அசையாமல் ஒரே நிலையில் இருக்கிறது. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணைப் பகுதி வழியாக மலையேறத் தொடங்கியதும் நிலைமை மாறுகிறது. வளைவுதோறும் உடல் இடமும் வலமும் நகர வேண்டும். இறங்கும்போது எடை முன்னோக்கிச் சரிகிறது. நெடுஞ்சாலைக்கு ஏற்ற இருக்கை எல்லாம் மலைக்கும் ஏற்றது என்று சொல்ல முடியாது.

வலி ஏன் உண்டாகிறது?

மனிதர் நிமிர்ந்து உட்காரும்போது உடலின் எடை இடுப்பெலும்பின் கீழ்ப்புறத்தில் உள்ள இரண்டு எலும்பு முனைகளின் மேல் இறங்குகிறது. இவற்றை 'உட்காரும் எலும்புகள்' எனலாம். அழுத்தம் என்பது எடையை அது பரவும் பரப்பால் வகுத்தால் கிடைப்பது. இருக்கையின் மேல் 60 கிலோ எடை இறங்குவதாகக் கொள்வோம். அது 300 சதுர செ.மீ. பரப்பில் பரவினால், ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் 200 கிராம் அழுத்தம். அதே எடை 400 சதுர செ.மீ.யில் பரவினால் 150 கிராம்தான். எலும்பு முனைக்கு நேர்கீழே இந்தச் சராசரியைவிட அழுத்தம் மிகுதியாக இருக்கும். அழுத்தம் நீடித்தால் தோலுக்கும் தசைக்கும் செல்லும் இரத்த ஓட்டம் குறைந்து முதலில் மரத்துப்போகும், பிறகு எரிச்சலும் வலியும் வரும். நல்ல இருக்கையின் முதல் வேலை, எடையைக் கூடுதல் பரப்பில் பகிர்ந்தளிப்பதாகும்.

இதன் காரணமாகவே, மெத்தென்ற இருக்கை சுகமானது என்ற எண்ணம் பெரும்பாலும் தவறாகிறது. மிக மென்மையான ஃபோம் எடை ஏறியதும் முழுவதும் அமுங்கிவிடும். பின்னர் அடித்தட்டின் மேலேயே உட்கார்ந்தது போலாகும். கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்க்கும்போது இந்தக் குறை தெரியாது. ஐம்பதாவது கிலோமீட்டரில்தான் தெரியும். முதலில் சற்றுக் கெட்டியாகத் தோன்றி, போகப் போக உடலுக்கு இசைந்து கொடுக்கும் ஃபோமே நெடும்பயணத்துக்கு ஏற்றது.

இருக்கையின் பகுதிகள்

அடித்தட்டு: பிளாஸ்டிக் அல்லது இரும்புத் தகட்டால் ஆனது. வண்டியின் சட்டத்தோடு பூட்டிக்கொள்ளும் கொக்கியும் இதில்தான் இருக்கும்.

ஃபோம்: இன்றைய இருக்கைகளில் பெரும்பாலும் பாலியூரித்தேன் ஃபோம் பயன்படுகிறது. பாலியூரித்தேன் வேதியியலை 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயரும் அவரது குழுவினரும் உருவாக்கினர். ஃபோமின் அடர்த்தி, கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்று கணக்கிடப்படுகிறது. அடர்த்தி வேறு, கெட்டித்தன்மை வேறு. அடர்த்தி கூடிய ஃபோம் பொதுவாக நீண்ட காலம் வடிவம் மாறாமல் உழைக்கும். 'மெமரி ஃபோம்' 1960-களில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஆய்வுப் பணியில் தோன்றியது. இது உடல் வெப்பத்தால் இளகி உடலின் வடிவை ஏற்கிறது. ஆனால் வெயிலில் நிறுத்திய வண்டியில் இது மேலும் இளகிவிடும் என்பதால், முழு இருக்கையையும் இதனால் செய்யாமல், கெட்டியான ஃபோமின் மேல் மெல்லிய அடுக்காக வைப்பதே பொருத்தம். தேங்காய் நாரையும் ரப்பர் பாலையும் சேர்த்துச் செய்யும் ரப்பர் நார்ப் பலகை மெத்தைகளில் பழக்கமானது. காற்று புகும், ஆனால் இருக்கை வளைவுகளுக்கு ஏற்ப வடிவமைப்பது கடினம்.

மேலுறை: பெரும்பாலும் ரெக்சின். விலை குறைவு, துடைப்பது எளிது. ஆனால் வெயிலில் சுடும், வியர்வையை உறிஞ்சாது. கறுப்பு ரெக்சின் கோடையில் தொட முடியாத அளவு சூடேறும். தோலுறை உறுதியானது என்றாலும் மழையில் நனைந்தால் பராமரிப்பு தேவை. தையல் எங்கே வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். உட்காரும் இடத்தின் நடுவே தையல் ஓடினால் அது உறுத்துவதோடு, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதன் துளைகள் வழியே நீர் இறங்கி ஃபோமை ஊற வைக்கும். ஊறிய ஃபோம் காய்வதற்கு நாட்கள் பிடிக்கும்.

தேர்வில் கவனிக்க வேண்டிய அளவுகள்

உயரம்: ஆலை இருக்கையின் உயரம் வண்டிக்கு வண்டி மாறுபடும். தமிழ்நாட்டில் உற்பத்தியாகும் ராயல் என்ஃபீல்டு வண்டிகளில் மீட்டியார் 350-இன் இருக்கை 765 மி.மீ., கிளாசிக் 350-இன் இருக்கை 805 மி.மீ., ஹிமாலயன் 450-இன் இருக்கை 825 மி.மீ. உயரம் கொண்டவை, கடைசியாகச் சொன்னதை 845 மி.மீ. வரை உயர்த்தலாம். ஃபோமை 20 மி.மீ. கூட்டினால் முழங்கால் மடக்கம் குறைந்து நீண்ட கால்களை உடையவருக்கு ஆறுதல் கிடைக்கும். ஆனால் உயரம் குறைந்தவருக்குக் கால் தரையில் எட்டாது. சரிவான மலைச் சாலையில் வண்டியை நிறுத்தும்போது, பள்ளமான பக்கத்தில் ஊன்றும் கால் இன்னும் கூடுதலாக நீள வேண்டும். அங்கே கால் எட்டாவிட்டால் சுமையோடு வண்டி சாய்ந்துவிடும்.

அகலம்: உட்காரும் எலும்புகள் இரண்டும் முழுமையாகத் தாங்கப்படும் அளவுக்குப் பின்பகுதி அகலமாகவும், தொடை உரசாமலும் கால் எளிதில் கீழே இறங்கும்படியும் முன்பகுதி ஒடுக்கமாகவும் இருக்க வேண்டும். முன்பகுதியை ஒடுக்கினால் உயரத்தைக் குறைக்காமலே கால் தரையை எட்டுவது எளிதாகும்.

சாய்வு: முன்னோக்கிச் சரியும் இருக்கை, ஓட்டுபவரைப் பெட்ரோல் டேங்கை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். வெள்ளிமலையிலிருந்து இறங்கும்போது ஒவ்வொரு பிரேக்கிலும் இது தெரியும். உடல் சரிவதைக் கைகளால் தடுப்பதால் மணிக்கட்டும் தோளும் வலிக்கின்றன. கைவலியின் காரணம் இருக்கையாக இருப்பது இவ்வாறுதான்.

வடிவம்: குழிவான இருக்கை இடுப்பைப் பின்னாலிருந்து தாங்கும், நேர்ச்சாலையில் இது நன்று. ஆனால் உட்காரும் இடத்தை மாற்ற விடாது. தட்டையான இருக்கையில் முன்னும் பின்னும் நகர்ந்து அழுத்தம் விழும் இடத்தை மாற்றிக்கொள்ளலாம். வளைவுகளிலும் உடல் எளிதில் நகரும். இரண்டும் கலந்த பயணத்துக்கு ஆழமற்ற குழிவே போதுமானது.

பின்னால் உட்காருபவர்

மாற்று இருக்கை செய்பவர்கள் அதிகம் மறப்பது பின்னால் உட்காருபவரைத்தான். முன்பகுதியை அகலமாக்கும்போது பின்பகுதி குறுகிவிடுவது உண்டு. சேலை அணிந்து ஒருபக்கமாக உட்காரும் பெண்களுக்குக் குழிவான, விளிம்பு உயர்ந்த இருக்கை தொடையின் அடியில் வெட்டுவது போல் அழுத்தும். அவர்களுக்குத் தட்டையான, விளிம்பு உருண்ட இருக்கையே ஏற்றது. புதிய இருக்கையை இறுதி செய்யும் முன் இருவரும் உட்கார்ந்து பார்ப்பது அவசியம்.

சட்டமும் இதைக் கவனிக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 128-ஆம் பிரிவின்படி, பின்னால் ஒருவரை மட்டுமே ஏற்றலாம். அவர் ஓட்டுபவருக்குப் பின்னால் உறுதியாகப் பொருத்தப்பட்ட முறையான இருக்கையில் அமர வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆம் விதி, பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால்வைப்பு, பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் ஆடைக் காப்பு ஆகியவை இருக்க வேண்டும் என்கிறது. இருக்கை மாற்றும்போது கைப்பிடியையோ சேலை தடுப்புக் கம்பியையோ கழற்றி எறியக் கூடாது. அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களோடு முரண்படும் மாற்றங்களைத் தடை செய்கிறது. இருவர் அமரும் வண்டி என்பதும் அவ்விவரங்களில் ஒன்று.

கிடைக்கும் வழிகள்

1. பழைய இருக்கையைத் திருத்துதல்: எந்த ஊரிலும் உள்ள சீட் கவர், குஷன் கடைகளில் செய்யலாம். செலவு குறைவு, உடலுக்கு ஏற்ப வெட்டி அமைக்க முடியும். வேலை செய்பவரின் திறமையே எல்லாம். வெட்டிய ஃபோம் மீண்டும் ஒட்டாது என்பதால், பழைய இருக்கையை அப்படியே வைத்துக்கொண்டு, பயன்படுத்திய வேறொரு அடித்தட்டை வாங்கி அதன் மேல் செய்வது அறிவுடைமை.

2. வண்டி நிறுவனத்தின் டூரிங் இருக்கை: சில நிறுவனங்கள் தம் வண்டிகளுக்குத் தாமே விற்கின்றன. கொக்கியும் பூட்டும் சரியாகப் பொருந்தும். ஆனால் சராசரி உடலுக்காகச் செய்யப்பட்டது.

3. தனி நிறுவனங்களின் இருக்கை: அமெரிக்காவின் கார்பின், சார்ஜென்ட் போன்றவை உலக அளவில் பெயர் பெற்றவை. இறக்குமதிச் செலவு மிகுதி; இந்திய வண்டிகள் பலவற்றுக்குக் கிடைப்பதில்லை. சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை போன்ற கடைத்தெருக்களில் உள்நாட்டு இருக்கைகளை நேரில் பார்த்து வாங்கலாம்.

4. மேல்விரிப்புகள்: காற்றறை மெத்தை, வலைத்துணி விரிப்பு, மணி விரிப்பு ஆகியவை. காற்றறை மெத்தையில் சிறு அறைகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் காற்று நகர்ந்து அழுத்தத்தைச் சமன் செய்கிறது. இதில் காற்றை நிறைய அடைப்பது பொதுவான தவறு. உட்கார்ந்தபின் அடித்தட்டு தொடாத அளவுக்கு மட்டும் காற்று இருந்தால் போதும். லாரி ஓட்டுநர்கள் பயன்படுத்தும் மணி விரிப்பு, உடலுக்கும் இருக்கைக்கும் இடையே காற்றோட இடம் தருகிறது. 24 மணி நேரத்தில் 1,000 மைல், அதாவது 1,609 கி.மீ. ஓட்டுவதைத் தொடக்கச் சவாலாகக் கொண்ட 'அயர்ன் பட்' சங்கத்தின் நெடும்பயணிகளிடையேயும் மணி விரிப்பு வழக்கில் உண்டு. எந்த விரிப்பும் நழுவாதபடி கட்டப்பட வேண்டும். வளைவில் நழுவும் விரிப்பு விபத்துக்கு வழி.

வாங்கும் முன்

இருக்கையின் மேல் பழி போடுவதற்கு முன் வேறு சிலவற்றைச் சரிபார்க்க வேண்டும். பின்பக்க ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங் இறுக்கம் ஓட்டுபவரின் எடைக்குப் பொருந்தாவிட்டால் ஒவ்வொரு குழியும் முதுகில் இடிக்கும். டயரில் காற்று அளவுக்கு மிஞ்சினாலும் அதே நிலைதான். ஜீன்ஸின் தடித்த தையல் உட்காரும் எலும்பின் கீழ் வந்தால் எந்த இருக்கையும் உறுத்தும். இவற்றைச் சரிசெய்வதற்குச் செலவு மிகக் குறைவு.

வலி எங்கே, எத்தனை நிமிடத்தில் தொடங்குகிறது என்று இரண்டு மூன்று பயணங்களில் குறித்து வைப்பது பயன் தரும். உட்காரும் எலும்பில் வலி என்றால் ஃபோம் அல்லது அகலம். தொடையின் உட்புறத்தில் என்றால் முன்பகுதி விளிம்பு. கைகளில் என்றால் சாய்வு. முழங்காலில் என்றால் உயரம் காரணமாக இருக்கலாம். இந்தக் குறிப்போடு சென்றால் குஷன் கடைக்காரருக்கும் வேலை எளிதாகும்.

பொருத்தியபின் இருக்கைப் பூட்டு முழுமையாக விழுகிறதா, அடியில் ஒயர் எதுவும் நசுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு இரு கட்டமாக ஓட்டிப் பார்க்கலாம்: முதலில் நெடுஞ்சாலையில் இடைவிடாமல் ஒரு மணி நேரம், அடுத்து, சுமை இல்லாமல் மலையில் ஏறி இறங்குதல். முதலாவது ஃபோமைச் சோதிக்கும். இரண்டாவது சாய்வையும் உயரத்தையும் சோதிக்கும்.

இருக்கையால் தீராதவை

எந்த இருக்கையும் ஓய்வுக்கு மாற்றாகாது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி ஐந்து நிமிடம் நடப்பதும், தண்ணீர் குடிப்பதும், நல்ல சாலையில் வேகம் குறைவாக இருக்கும்போது கால்வைப்பின் மேல் சற்று எழுந்து நிற்பதும் இரத்த ஓட்டத்தை மீட்கும். இடுப்பிலிருந்து கால் வரை இறங்கும் வலி, பயணம் முடிந்த பின்னும் நீங்காத மரப்பு, நாட்கணக்கில் நீடிக்கும் வால் எலும்பு வலி ஆகியவை இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவற்றைப் புதிய மெத்தையால் மறைத்துக்கொண்டு ஓட்டுவது நோயை முற்ற வைக்கும். நாள்தோறும் மலையேறி இறங்கும் பணியாளர்கள் இதைக் குறிப்பாகக் கவனத்தில் கொள்ள வேண்டும்.