பேச்சு வராதவர் பாடுவது எப்படி?

தீபாவளி நேரத்தில் கிள்ளான், ஜாலான் தெங்கு கிளானாவில் நடந்திருக்கிறீர்களா? கடைகளில் ஒலிக்கும் பாட்டுக்கு நம் கால் தானாகவே தாளம் போடும். காலுக்கு யாரும் கட்டளையிடுவதில்லை. ஒலியைக் கேட்கும் மூளைப் பகுதிக்கும் தசைகளை இயக்கும் பகுதிக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதே காரணம்.

இசை சிகிச்சை இந்தத் தொடர்பைப் பயன்படுத்துகிறது. பார்க்கின்சன் நோயாளிகள் அடியெடுத்து வைக்கத் தடுமாறுவார்கள். சீரான தாளத்தைக் கேட்டபடி நடந்தால், அடுத்த அடி எப்போது என்பது மூளைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. அதனால் பலருக்கு நடை சீராகிறது.

பேச்சுக்கும் இசை உதவும். பேச்சை இயக்கும் பகுதி பெரும்பாலோருக்கு மூளையின் இடப்பக்கம் உள்ளது. பக்கவாதம் அதைத் தாக்கினால், ‘தண்ணீர்’ என்ற சொல் மனத்தில் இருக்கும், வாயில் வராது. ஆனால், அப்படிப் பாதிக்கப்பட்ட தாத்தா ஒருவர், சின்ன வயதில் கற்ற தேவாரத்தைத் தெளிவாகப் பாடக்கூடும். பாடும்போது மூளையின் வலப்பக்கமும் பெருமளவு வேலை செய்கிறது.

1973இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் இதையே ஒரு பயிற்சியாக வெளியிட்டார்கள். ‘தண்ணீர் வேண்டும்’ என்பதை ஏற்ற இறக்கமாக இரண்டே சுரங்களில் பாட வேண்டும். ஒவ்வோர் அசைக்கும் இடக்கையால் தட்ட வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் டெம்பள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற இடங்களில் கர்நாடக இசை பயில்வோர் கையால் தாளம் போட்டுப் பாடுவார்களே, கிட்டத்தட்ட அப்படித்தான். பிறகு ராகத்தைப் படிப்படியாகக் குறைத்து, பாட்டைப் பேச்சாக மாற்றுவார்கள். இதற்குப் பல வாரப் பயிற்சி தேவை.

2011இல் தலையில் சுடப்பட்டுப் பேச்சிழந்த அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபோர்ட்ஸ், மற்ற சிகிச்சைகளுடன் இசை சிகிச்சையும் பெற்று மீண்டும் பேசினார்.

ராகங்களின் நோய் தீர்க்கும் ஆற்றலை ஆராய, வயலின் மேதை குன்னக்குடி வைத்தியநாதன் சென்னையில் ஒரு மையமே நடத்தினார். ஆனாலும், ‘இந்த ராகம் கேட்டால் இந்த நோய் போகும்’ என்று கைப்பேசியில் வரும் செய்திகளை நம்பிவிடாதீர்கள். அப்படி எதுவும் நிரூபிக்கப்படவில்லை. இசை மருந்துக்கு மாற்று அல்ல, துணை.

மாணவர்களே, வீட்டில் யாருக்காவது திடீரென வாய் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சு குழறினால் உடனே 999ஐ அழையுங்கள். ஒவ்வொரு நிமிடமும் மூளைச் செல்கள் அழிகின்றன. பாட்டெல்லாம் பிறகுதான். சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்குப் பேச்சு வராவிட்டால், அவருக்குப் பிடித்த பாட்டை அருகில் அமர்ந்து பாடிப் பாருங்கள். அவரும் சேர்ந்து பாடினால், அதை மறக்காமல் பேச்சுப் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள்.