புழுக்கை நின்றால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்

“நேத்து மத்தியானத்துல இருந்தே ஒண்ணும் திங்கலை அண்ணா. கேஸா இருக்கும்னு ஓமத்தண்ணி கொடுத்தோம். இப்ப காதெல்லாம் சில்லுனு இருக்கு.”

கொச்சி மட்டாஞ்சேரியில் முயல் வளர்க்கும் வீடுகளிலிருந்து வரும் பேச்சு பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் என்னிடம் வந்து சேர்கிறது. செருப்புக் கடை அட்டைப்பெட்டியில் ஒரு முயல், பக்கத்தில் வாடிய கேரட், அழுதபடி ஒரு பிள்ளை. மறுநாள் கேட்டால், “திடீர்னு போயிடுச்சு” என்பார்கள். திடீரென்று ஒன்றும் நடக்கவில்லை. முந்தின நாளே கூண்டுக்கடியில் புழுக்கை விழவில்லை. அதை யாரும் பார்க்கவில்லை.

முயலின் குடல் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியது. அது கொறித்துக்கொண்டே இருக்கும், புழுக்கை போட்டுக்கொண்டே இருக்கும். நார் குறைந்தாலும், பல் வலித்தாலும், வெக்கை தாக்கினாலும், பட்டாசுச் சத்தத்தில் மிரண்டாலும் குடலின் அசைவு மட்டுப்படும். உள்ளே இருப்பது வறண்டு இறுகும், வாயு சேரும். வலியில் அது தின்னாது. தின்னாததால் குடல் மேலும் நிற்கும். வாந்தி எடுக்க முயலால் முடியாது. பட்டினி நீண்டால் ஈரலும் கொழுப்பேறிக் கெடும். நாய் ஒரு நாள் சோறு தின்னாமல் கிடந்து எழுந்துவிடுவதைப் பார்த்துப் பழகியவர்கள் முயலையும் அதே கணக்கில் விடுகிறார்கள். அந்தக் கணக்கு முயலுக்குச் செல்லாது.

எப்போது ஓட வேண்டும்?

பத்துப் பன்னிரண்டு மணி நேரமாகத் தீனியும் இல்லை, புழுக்கையும் இல்லை என்றால் அது அவசரம். புழுக்கை சிறுத்து, கோணலாகி, மயிரில் கோத்த மணிபோல விழுந்தால் அது முன்னெச்சரிக்கை. மூலையில் கூனிக்கொண்டு உட்கார்வது, பல்லை நறநறவென்று கடிப்பது, வயிற்றைத் தரையில் அழுத்துவது எல்லாம் வலியின் அடையாளங்கள். முயலின் உடல் வெப்பம் 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். 38-க்குக் கீழே இறங்கினால் ஆபத்து.

இதைவிட மோசமான இரண்டு உண்டு. ஒன்று, நன்றாக இருந்த முயலின் வயிறு சில மணி நேரத்தில் பந்துபோல உப்பி விறைத்துவிடுவது. குடல் அடைத்திருக்கலாம். வாயில் எதையும் ஊட்டாதீர்கள். மறுபடி சொல்கிறேன், உப்பிய வயிற்றுக்குள் எதையும் ஊட்டாதீர்கள். இன்னொன்று, குட்டி முயலுக்குத் தண்ணீராகப் போவது. ரத்தக்கழிச்சல் நோயாக இருந்தால் ஒரே நாளில் முடிந்துவிடும். பெரிய முயலின் பின்புறத்தில் களிபோல் ஒட்டியிருப்பது வேறு. அது முயல் தானே திரும்பத் தின்ன வேண்டிய மென்புழுக்கை. அதற்குத் தீனியை மாற்ற வேண்டும், அன்றிரவே ஓட வேண்டியதில்லை.

வீட்டு வைத்தியம் என்ற பெயரில்

பிள்ளைக்கு வாங்கி மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் சிரப்பைக் கொடுத்துவிட்டு வருகிறவர்களை என்ன சொல்வது! அமாக்சிசிலின், ஆம்பிசிலின், பென்சிலின், கிளிண்டமைசின் இவற்றை முயலின் வாய்வழி கொடுத்தால் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து நச்சுக்கிருமி பெருகும். நோயில் பிழைத்த முயல்கூட மருந்தில் செத்துப்போகும். ‘வயிற்றில் மயிர்க்கட்டி’ என்று பைனாப்பிள் சாறு ஊட்டுகிறவர்களும் உண்டு. அந்தச் சாறு மயிரைக் கரைக்காது, சர்க்கரையை மட்டும் ஏற்றும்.

நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான். உடல் குளிர்ந்திருந்தால் வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். ஏப்ரல் வெக்கையில் காது கொதித்து மூச்சு வாங்கினால் ஈரத்துணியால் காதைத் துடையுங்கள், ஐஸ் தண்ணீர் வேண்டாம். பிறகு கிளம்புங்கள். மருத்துவர் செய்ய வேண்டியது வலிக்கு மருந்து, நீரேற்றம், வெப்பம். அடைப்பு இல்லை என்று எக்ஸ்ரேயில் தெரிந்த பிறகே குடலை அசைக்கும் மருந்தும் ஊட்டலும். ரத்தச் சர்க்கரையையும் பார்க்கச் சொல்லுங்கள். அது 360 மில்லிகிராமைத் தாண்டினால் அடைப்பு இருக்கலாம் என்ற சந்தேகம் வலுக்கும்.

எங்கே போவது?

இரவு பத்து மணிக்குத் தேடத் தொடங்கினால் கிடைக்காது. கால்நடை ஆஸ்பத்திரியில் பூட்டு தொங்கும். பலகையில் எழுதிய எண்ணுக்கு அடித்தால் யாரும் எடுக்கமாட்டார்கள். இந்த அலட்சியத்தோடு நடுராத்திரியில் மல்லுக்கட்ட முடியாது. ஆகவே முயல் நன்றாக இருக்கும் இந்த வாரமே, பகலில், அருகிலுள்ள அரசு கால்நடை ஆஸ்பத்திரிக்கும், எர்ணாகுளம் மாவட்டக் கால்நடை மையத்துக்கும், இரண்டு தனியார் கிளினிக்குகளுக்கும் போன் செய்து நான்கு கேள்வி கேளுங்கள். முயல் பார்ப்பீர்களா? இரவில் மருத்துவர் இருப்பாரா? எக்ஸ்ரே உண்டா? வலி மருந்தும் நீரேற்றமும் அன்றிரவே கிடைக்குமா? ‘ஆமாம்’ என்று சொன்ன இடத்தை எழுதி வையுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற இலவச எண் உண்டு. உங்கள் பகுதிக்கு எந்த நேரத்தில் வரும், முயலுக்கு வருமா என்பதை அதே அழைப்பில் கேட்டுக்கொள்ளுங்கள். மேல்சிகிச்சைக்குத் திருச்சூர் மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஆனால் அது சுமார் 80 கிலோமீட்டர். தோப்பும்படி நெரிசலைத் தாண்டி எர்ணாகுளம் சேரவே சாயங்காலத்தில் ஒரு மணி நேரம் போய்விடும்; இதையும் கணக்கில் வையுங்கள்.

புதிதாக வந்த தமிழர்களுக்கு ஒரு சொல் எச்சரிக்கை. போனில் “முயல் கழிக்கல” என்று சொல்லாதீர்கள். நமக்கு அது வெளிக்குப் போகவில்லை என்ற பொருள். மலையாளத்தில் ‘கழிக்குக’ என்றால் தின்பது. எதிர்முனையில் இருப்பவர், தீனி எடுக்கவில்லை என்று மட்டும் புரிந்துகொண்டு “நாளை கொண்டுவா” என்பார். “தீற்ற தின்னுன்னில்லா, காஷ்டம் போகுன்னில்லா” என்று இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள்.

கூடவே ஒரு தாள் கொண்டுபோங்கள். முயலின் எடை, வயது, கடைசியாகத் தின்ற நேரம், கடைசியாகப் புழுக்கை விழுந்த நேரம், என்ன தீனி, என்ன மருந்து கொடுத்தீர்கள் (ஓமத்தண்ணியையும் சேர்த்து) என்று எழுதுங்கள். கடைசிப் புழுக்கையைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி போடுகிறவர் பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தானா என்று கேட்கத் தயங்காதீர்கள்; கேரள மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலின் பதிவெண் அவருக்கு இருக்க வேண்டும். சீட்டும் பில்லும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

கேட்க வேண்டிய உரிமை

உங்கள் பகுதியில் இரவுப்பணி மருத்துவர் எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை மணி வரை என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன்படி கேளுங்கள். வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, கால்நடைப் பராமரிப்புத் துறையின் மாவட்ட அலுவலகத்திலுள்ள பொதுத் தகவல் அலுவலருக்குக் கொடுத்தால் 30 நாளில் பதில் தர வேண்டும். இரவில் திட்டுவதைவிடப் பகலில் எழுதும் இந்த ஒரு தாள் பலிக்கும்.

முயல் வாங்கும் கடையிலும் கேட்க வேண்டியது உண்டு. செல்லப்பிராணிக் கடை விதிகள், 2018 முயலையும் சேர்த்தே சொல்கின்றன. கடை, மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள், பில் கேளுங்கள். பில் இருந்தால், நோயுள்ள குட்டியை விற்றதாக 1915-ல் நுகர்வோர் புகார் சொல்லவும், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவும் வழியுண்டு. 5 லட்சம் வரையுள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

தட்டில் இருக்கிறது பாதி வைத்தியம்

தீனியில் பெரும்பங்கு புல்லாக இருக்கட்டும். உலர்புல் கிடைக்காவிட்டால் நேப்பியர், கினியா, அருகம்புல் போடலாம். மழைக்காலத்தில் பூசணம் பிடித்த புல்லை வீசுங்கள். பிரெட், பிஸ்கட், சோறு, தினமும் ஞாலிப்பூவன் பழம் இவை செல்லம் அல்ல, வியாதி. பச்சைக் கப்பை (மரவள்ளி) இலையில் நச்சு உண்டு, போடவே கூடாது. தீனியை மாற்றுவதென்றால் ஒரு வாரம் பத்து நாளில் மெல்ல மாற்றுங்கள்.

கூண்டுக்கடியில் இரவு படுக்குமுன் புதுச் செய்தித்தாள் விரியுங்கள். காலையில் அந்தத் தாளை மடித்து எறிவதற்கு முன் ஒரு பார்வை பாருங்கள். தாள் வெறுமையாக இருந்தால் முயல் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் நம்பாதீர்கள். கேஸ் சிலிண்டர் பதிவு செய்யும் எண் எந்தச் சுவரில் இருக்கிறதோ, அதற்குப் பக்கத்தில் மருத்துவர் எண்ணையும் இன்றைக்கே எழுதுங்கள். நாளைக்கு என்று மட்டும் சொல்லாதீர்கள்.